தண்ணி இல்லாத ஊர்

மல்லசமுத்திரம்
9.2.2025

என் உடம்பொறப்பு மயில்சாமிக்கு அக்கா பழனியம்மாள் எழுதறது.

சாமி, நல்லா இருக்கியா? ஜெயில்ல இருக்கறவனை நல்லா இருக்கியான்னு கேக்கறது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் அதைக் கேட்டுட்டுத்தான் மத்ததை எழுதணும். கால் வீக்கம் வடிஞ்சுதா? எனக்குச் சர்க்கரை ஏறியிருக்குன்னாங்க. மத்தபடி நடமாடிக்கிட்டு இருக்கேன். சென்னம்மாளும் யாழினியும் மேட்டூர்ல அவங்கம்மா ஊட்டுலயே இருக்காங்க. புருசன் இல்லாத ஊட்டுல தனியாக் கெடக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.

மனுப் போட்டு உன்னைய ஜெயில்ல பாக்க வந்தப்ப நீ சொன்ன மாதிரியே அவன் பேரை இதுல எழுத மாட்டேன். கடுதாசியைப் படிச்சுட்டுத்தான் உங்கிட்டக் குடுப்பாங்கன்னு சொன்னியே. அதனால கிடான்னு எழுதறேன். கிடான்னா யாருன்னு உனக்குத் தெரியும்.

லைப்ரரி வேலைக்குத் திரும்பப் போயிட்டு இருக்கேன். கூட்டறது, மேசை தொடைக்கறது, பேப்பரு அடுக்கறது, அதே வேலைதான். புதுசா ரெண்டு கம்ப்யூட்டர் வந்திருக்கு, நெட்டும் இருக்கு. உக்காரத்தான் ஆளில்லை. லைப்ரரியனா இருக்கற பொண்ணு தேவிப்ரியா, சும்மா கெடந்தா வேற ஊருக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருவாங்கக்கா, நீங்களாவது உக்காந்து பழகுங்கன்னுச்சு. அஞ்சாவது படிச்சவளுக்கு எதுக்கு இதெல்லாம்னேன். வாயில பேசினா அதுவே தமிழ்ல எழுதிக்கும்னு காட்டிக் குடுத்துச்சு. எதைத் தேடறீங்கன்னு கேட்டுச்சு. எனக்குத் தேடறதுக்கு வேற என்ன இருக்கு. கோகிலவாணி, அயோத்தியாப்பட்டணம்னேன்.

எம்புள்ள பேரு வந்துச்சு. கொஞ்சூண்டு சேதி. "குடும்பத் தகராறில் தலையில் அடிபட்டு இளம்பெண் பலி. கணவர் கைது."

அடிபட்டு. மாடிப்படியில உழுந்தவளாட்ட எழுதியிருக்கான். கிடா போர்வெல் ரிக் வண்டியில பைப்பு கழட்டற ரேஞ்சை ஊட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்து, சோத்துக்கு ரசம் வெக்கலைன்னு அடிச்சான். ஒரு அடியா ரெண்டு அடியா. ஆஸ்பத்திரியில துணியை நீக்கினப்ப நான் காதைத்தான் பாத்தேன். தோடு இருந்தாத்தான் எம்புள்ளைன்னு சொல்ல முடியும். பாக்கறதுக்கு மொகம்னு ஒண்ணு அங்க இல்லை.

அதுக்குக் கீழயே இன்னொரு சேதி. "ஜாமீனில் வந்தவரைக் கொல்ல முயற்சி. தடுத்த அண்ணனுக்குத் தோளில் வெட்டு. பெண்ணின் தாய்மாமன் கைது." அது நீ. அன்னைக்குக் கிடா பின்சுவரு ஏறிக் குதிச்சு ஓடினதும், இன்னைக்கு வரைக்கும் கோர்ட்டுக்கும் வராம போலீசுக்கும் ஆப்படாம இருக்கறதும் அதுல இல்லை. மிசினுக்கும் பாதிதான் தெரியுது.

சோறு ஒழுங்காத் தின்னு. சண்டைக்குப் போகாதே.

அக்கா

•

ஜெயில்
2.3.2025

அக்காளுக்கு மயில்சாமி எழுதறேன்.

கால் வீக்கம் போச்சு. உனக்குச் சர்க்கரைன்னா அரிசிச் சோத்தைக் கொறை, களி தின்னு. யாழினிகிட்டப் படிப்பை விட்றாதேன்னு நான் சொன்னேன்னு சொல்லு.

கிடான்னு எழுதச் சொன்னதையே கடுதாசியில எழுதி அனுப்பற ஆளு இந்த ஜில்லாவுல நீ ஒருத்திதான். வார்டர் எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டி, உங்கக்கா சிஐடி வேலைக்குப் போலாம்யான்னார். இனி என்னத்தை மறைக்கறது. போகட்டும், கிடான்னே எழுது. பழகிருச்சு.

சண்டைக்குப் போகாதேங்கறே. போன வாரம் பொண்டாட்டி மேல சீமெண்ணெய் ஊத்திக் கொளுத்திட்டு வந்தவன் ஒருத்தன் சாப்பாட்டு வரிசையில எனக்கு முன்னால நின்னு, கொழம்புல உப்பு இல்லைங்கறான். உப்புக் கேக்குதாடான்னு தட்டாலயே மூக்கை ஒடச்சேன். அப்பறம் அவன் உழுந்து கெடந்தப்ப மெதிச்சேன். என்னையத் தனியாப் போட்டாங்க. அந்த ராத்திரிதான் நல்லாத் தூங்கினேன்.

ஆடி கழிஞ்சா பெயில் கெடைக்கும்னு வக்கீல் சொல்றார். அதுக்குள்ள நீ ஒரு காரியம் பண்ணு. உங்கிட்ட இப்ப மிசின் இருக்கு. கிடா எந்த ஊர்ல மேயுதுன்னு பாரு. எனக்கு ஊரு பேரு மட்டும் போதும். போன தடவை அவங்கண்ணன் குறுக்க வந்து கெடுத்தான். இந்தத் தடவை குறுக்க எவன் வந்தாலும் கையை இழுக்க மாட்டேன்.

கோகிலா மொதமொதல்ல நடந்தது என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான். மறந்துராதே.

மயில்சாமி

•

மல்லசமுத்திரம்
30.3.2025

சாமிக்கு அக்கா எழுதறது. சர்க்கரை கொறஞ்சிருக்கு. உன் கையி காலு எப்படி இருக்கு? தனியாப் போட்டவங்க வெளிய விட்டாங்களா?

நீ சொன்னதைச் செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். கிடா சாகணும்னு நானும்தான் கும்பிடறேன். படுத்தா அவன் கழுத்துதான் கண்ணுல நிக்குது. ஆனா நீ வெட்டி நீ தூக்குல தொங்கினா, யாழினிக்கு அப்பன் இல்லாமப் போகும், எனக்குப் பொறந்த எடத்துல ஒரு ஆளில்லாமப் போகும். புள்ளையைக் குடுத்தாச்சு. தம்பியையும் குடுக்கணுமா? இதை யோசிச்சுக்கிட்டுத்தான் தேடறேன்.

கேட்டா பதில் சொல்ற மிசின் ஒண்ணு இருக்கு. ஊர்ல எல்லாரும் அதுகிட்டத்தான் எல்லாம் கேக்கறாங்களாம். கிடா பேரைச் சொல்லி எங்க இருக்கான்னேன். தனிநபரைத் தேடித் தர இயலாது, காவல் துறையை அணுகுங்கள்னுச்சு. அணுகி அணுகித்தான் செருப்பு தேஞ்சுதுன்னேன். உங்கள் வலி எனக்குப் புரிகிறதுன்னுச்சு. உனக்கு என்ன புரியும், நீ பெத்தியான்னு கேட்டுட்டேன். இல்லை, நான் சொன்னது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்னுச்சு.

சாமி, கிடா ஊட்டு ஆளுங்க ஒருத்தர் வாயில இருந்தும் அந்தச் சொல்லு வரலை. ஒரு பொட்டி சொல்லுது. மேசையில தலையை வெச்சு அழுதேன். அப்பறம் கண்ணைத் தொடச்சுட்டு, ஒரு ஆளைக் கொன்னா எத்தனை வருசம் போடுவாங்கன்னு கேட்டேன். அது பயந்துக்கிச்சு. ஒரு போன் நம்பரைக் குடுத்து, உடனே யாரிடமாவது பேசுங்கள்னுச்சு. தம்பிக்காகக் கேட்டேன்னு அதுகிட்டச் சொல்லலை.

இன்னொண்ணு, போட்டோவைக் குடுத்தா உசுரு குடுத்து அசைய வெக்குமாம். கோகிலா போட்டோவைத் தேவிப்ரியா அதுல போட்டுச்சு. எம்புள்ள தலையைத் திருப்பிச் சிரிச்சா. அவ சிரிச்சா வாயி இடது பக்கம் கோணும், உனக்குத் தெரியுமே. இவளுக்குக் கோணலை. நேராச் சிரிக்கறா, யாரோ ஒருத்தி. நிறுத்து கண்ணு, இது எம்புள்ள இல்லைன்னு கத்திட்டேன். பேப்பரு படிச்சுக்கிட்டிருந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க.

உடம்பைப் பாத்துக்க.

அக்கா

•

ஜெயில்
13.4.2025

அக்காளுக்கு. இருக்கேன். நீயும் இரு.

போட்டோவைச் சிரிக்க வெக்கறதுக்கா உன்னைய மிசின்ல உக்காரச் சொன்னேன்?

கிடாவுக்குப் போர்வெல் தவிர எந்த வேலையும் தெரியாது. எங்க ஓடினாலும் ஒரு ரிக்குலதான் ஏறியிருப்பான். ரிக்குல இருந்து வந்த ஒருத்தன் இங்க இருக்கான். தண்ணி வந்ததும் பசங்க போன்ல புடிச்சு யூடியூப்ல போடுவாங்களாம். அதைப் பாரு. அதை மட்டும் பாரு.

தூக்கைப் பத்தி எனக்கு எழுதாதே. தூக்குக்குப் பயந்தவனா இருந்தா மொத தடவையே போயிருக்க மாட்டேன்.

மயில்சாமி

•

மல்லசமுத்திரம்
11.5.2025

சாமிக்கு. வெயில் உள்ள எப்படி இருக்கு? பானைத் தண்ணி வெக்கறாங்களா? எனக்கு முன்பல்லு ஒண்ணு உழுந்துருச்சு. ஆடிக்கிட்டிருந்ததுதான். லைப்ரரியிலயும் ஒரு அகராதி அட்டை பிஞ்சு போச்சு, தேவிப்ரியா பசை போட்டு ஒட்டிக்கிட்டிருக்கு. வேற விசேசம் இல்லை.

போர்வெல் வீடியோ பாக்கறேன். இம்புட்டு இருக்கும்னு நெனைக்கலை. எந்த ஊருன்னே தெரியாது, எல்லாம் ஒரே மாதிரித்தான். வெள்ளைத் தூளு மேகமாட்டக் கெளம்பும். ஆளுங்க துண்டைக் கட்டிக்கிட்டுப் பேயாட்ட நிப்பாங்க. தூளு ஈரமாகும், சேறாகும், அப்பறம் பனைமர ஒசரத்துக்குத் தண்ணி பீச்சும். தோட்டத்துக்காரங்க, பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் அதுல நனைஞ்சு ஆடறாங்க. நான் தண்ணியைப் பாக்கறதில்லை. ரேஞ்சு யாரு கையில இருக்குன்னு பாக்கறேன். பைப்பைக் கழட்ட அதை ஓங்கறப்ப எல்லாம் என் தலை தானாக் கீழ குனியுது. தேவிப்ரியா, போதும்க்கா நிறுத்துங்கன்னுது. நிறுத்தலை.

இன்னும் கெடைக்கலை.

அக்கா

•

ஜெயில்
20.7.2025

அக்காளுக்கு மயில்சாமி. நல்லா இருக்கியா இல்லையா, அதையாவது எழுது. உங்கிட்ட இருந்து ஒண்ணும் வரலை. மனுப் போட்டுப் பாக்கவும் வரலை. சென்னம்மாளைக் கேட்டா அக்கா எங்கிட்டயும் சரியாப் பேசறதில்லைங்கறா.

எனக்குப் பெயில் வந்துருச்சு. ஆவணிக்குள்ள வெளிய வந்துருவேன். ஸ்டேசன்ல தெனமும் கையெழுத்துப் போடணும்னு நிபந்தனை. அதை நான் பாத்துக்கறேன்.

அக்கா, நீ எழுதாம இருக்கறதைப் பாத்தா உனக்குத் தெரிஞ்சிருக்குன்னு எனக்குப் படுது. தெரிஞ்சும் சொல்லலைன்னா கேட்டுக்க. நான் சும்மா உக்கார மாட்டேன். அவங்கண்ணனுக்கு இன்னொரு தோளு இருக்கு. அவங்கம்மா இருக்கா. ஊரு பேரை அவங்க வாயில இருந்து எடுப்பேன். ஒவ்வொருத்தரா எடுப்பேன்.

பதில் போடு.

மயில்சாமி

•

மல்லசமுத்திரம்
3.8.2025

சாமிக்கு அக்கா எழுதறது. நான் சௌக்கியம். நீ வெளிய வாரது சந்தோசம். வந்ததும் முதல்ல மேட்டூர் போயி யாழினியைப் பாரு.

கிடா இருக்கற எடம் தெரிஞ்சுருச்சு. ஒடிசாவுல, பலாங்கீர்ங்கற ஊருக்கு அந்தாண்ட, தேந்துலின்னு ஒரு கிராமம். ரயில்ல போயி பஸ்ல போகணும். காட்டுக்குள்ள இருக்கற ஊரு. அங்கயே இன்னும் இருக்கான்னு என்னால சொல்ல முடியாது. நீ போறப்ப அவன் இல்லாமலும் போகலாம். இல்லைன்னா அங்கயே நிக்காதே, திரும்பி வந்துரு. அவன் ஊட்டு ஆளுங்களை ஒண்ணும் பண்ணாதே. அவங்கம்மா மேல கை வெக்காதே. உன் கால்ல உழுந்து கேக்கறேன்.

அக்கா

•

மல்லசமுத்திரம்
4.8.2025

எம்பொண்ணு கோகிலவாணி கொலைக் கேசைப் பாக்கற இன்ஸ்பெக்டர் அய்யாவுக்கு, நூலகத்துல கூட்டிப் பெருக்கற பழனியம்மாள் கும்பிட்டு எழுதறது.

அய்யா நல்லா இருக்கணும். மனுவுல சொகம் விசாரிக்கக் கூடாதுன்னு எங்க லைப்ரரியன் பொண்ணு சொல்லுது. எனக்கு வேற மாதிரி ஆரம்பிக்கத் தெரியாதுங்க.

நீங்க தேடற தனசேகரை நான் கண்டுபுடிச்சுட்டேன். யூடியூப்ல ஒரு போர்வெல் வீடியோவுல வாரான். மொகத்துல துண்டு கட்டியிருக்கான். ஆனா ரேஞ்சைக் கீழ வெக்காம இடது கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கறான். அவனுக்கு எல்லாத்தையும் அங்கதான் இடுக்கத் தெரியும். கல்யாணத்தன்னிக்குத் தாம்பாளத்துத் தேங்காயைக் கூட அப்படித்தான் இடுக்கிக்கிட்டு நின்னான், எல்லாரும் சிரிச்சோம். அப்பறம் துண்டை எடுத்து மொகம் கழுவறான். அவனேதான். பின்னால ஒரு கடையில இந்தி போர்டு இருந்துச்சு. அந்த எடத்துல நிறுத்தி, எழுத்தைப் படிச்சுத் தமிழ்ல சொல்ற மிசின்ல காட்டினோம். கைரானி கிராமம், சாகர் ஜில்லான்னு வந்துச்சு. மேப்புல பாத்தோம், மத்தியப் பிரதேசத்துல அந்த ஊரும் அந்தக் கடையும் இருக்கு. படம் எடுத்து இதோட வெச்சிருக்கேன்.

இதை நான் மே மாசமே பாத்துட்டேன் அய்யா. யாருக்கும் சொல்லலை. நானே போலாம்னு இருந்தேன். ரயில் எது, எங்க மாறணும், எல்லாம் பாத்து வெச்சிருந்தேன். கொடுவாளை எடுத்து வாழைமரத்துல ஒரு வெட்டு வெச்சுப் பாத்தேன், பாதி கூட எறங்கலை. இந்தக் கையோட போனா அவன் என்னையும் அடிச்சுக் கொன்னுட்டு இன்னொரு மாநிலத்துக்குப் போவான், அவ்வளவுதான்.

அவங்கண்ணன் காளிதாஸ், எந்தம்பி கையில வெட்டு வாங்கினவர், நான் தேடறது தெரிஞ்சு லைப்ரரிக்கே வந்து, தலைமுடியைச் சுருட்டிப் புடிச்சு மேசையில மோதினார். முன்பல்லு போச்சு. தேடறதை நிறுத்தாட்டி நீயும் உம்பொண்ணு போன எடத்துக்கே போவேன்னார். தேவிப்ரியா பெரிய அகராதியைத் தூக்கி அவர் மண்டையில போட்டுச்சு, அப்பறம்தான் விட்டார். இதைத் தம்பிக்குச் சொல்லலை. சொன்னா காளிதாஸ் உசுரோட இருக்க மாட்டார்.

எந்தம்பி மயில்சாமி பெயில்ல வாரான். ஊரு பேரைச் சொல்லாட்டி அவங்க ஊட்டுப் பொம்பளைங்க மேல பாய்வேங்கறான். அதனால ஒரு பொய்யி சொல்லியிருக்கேன். மேப்புல ஒடிசாவைத் தள்ளித் தள்ளிப் பாத்து, ஆறு கொளம் ஒண்ணும் இல்லாத, தண்ணி இல்லாத வறக்காடா ஒரு ஊரைப் புடிச்சு, தேந்துலின்னு, அங்க இருக்கான்னு எழுதிட்டேன். அங்க நம்மாளுங்க யாரு இருக்கப் போறாங்க. அலைஞ்சுட்டுத் திரும்புவான். அதுக்குள்ள நீங்க கைரானி போயி தனசேகரைப் புடிச்சுட்டீங்கன்னா என் தம்பி கையில ரத்தம் படாமப் பொழச்சுக்குவான். ஒரு வாரம் தள்ளாதீங்க அய்யா. எனக்கு மிச்சம் இருக்கறது அவன்தான்.

கைநாட்டு இல்லை, கையெழுத்தே போடறேன்.

பழனியம்மாள்

•

தேந்துலி
1.9.2025

அக்காளுக்கு. சொகம். போன் எடுத்துக்கிட்டு வரலை, டவரை வெச்சுப் புடிச்சுருவாங்க. அதான் கார்டு போடறேன். இது உன் கைக்கு வாரதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்.

பஸ்சு போகாத ஊரு, நடந்தே வந்தேன். ஆனா நீ சொன்னது அச்சுப் பெசகலை அக்கா. ஊரு முக்குல நம்ம டிஎன் முப்பத்திநாலு ரிக் நிக்குது. திருச்செங்கோட்டு வண்டி. நம்மாளுங்க அஞ்சாறு பேரு சோறாக்கறாங்க, நம்ம பேச்சு காதுல உழுகுது. கிடா அதுல இல்லை, எங்கயோ போயிருக்கான் போல. ஒருத்தன் தனியா வண்டியைத் தொடச்சுக்கிட்டிருக்கான். அவனைக் கேட்டாச் சொல்லுவான்.

மயில்சாமி

•

ஒடிசா, ஜெயில்
12.10.2025

அக்காளுக்கு மயில்சாமி எழுதறேன். நீ நல்லா இருக்கணும். எனக்குக் கையில மூணு வெரலு ஒடஞ்சிருக்கு, ஊருக்காரங்க புடிச்சு அடிச்சதுல. எழுத்து கோணிக்கிட்டுப் போகுது. இங்க தமிழ் படிக்க ஆளில்லை, அதனால கிடா வேண்டாம், நேராவே எழுதறேன்.

உனக்குச் சேதி வந்திருக்கும். தமிழரசுன்னு பேராம், சங்ககிரிப் பக்கம். நான் அவனைக் கொல்லணும்னு போகலை. தனசேகர் எங்கடான்னு கேட்டேன். எந்தத் தனசேகருங்கண்ணான்னான். அவன் சிரிச்ச மொகமாத்தான் கேட்டான், எனக்கு அதுதான் ஏறிருச்சு. ரேஞ்சு வண்டி மேலயே இருந்துச்சு. எதால நம்ம புள்ளையை அடிச்சானோ அதே சாமான். முட்டியில போட்டேன். உழுந்தான். எங்கடான்னேன். தெரியாதுங்கண்ணான்னான். கும்பிட்டான். கும்பிட்ட கை மேலயே அடிச்சேன். எலும்பு சத்தம் கேட்டுச்சு. எங்கம்மா மேல சத்தியமாத் தெரியாதுங்கண்ணான்னான். நான் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி அடிச்சேன். எத்தனை கேட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்லை. கடைசி வரைக்கும் தெரியாதுங்கண்ணான்னே சொல்லிட்டுச் செத்தான்.

அப்படி ஒரு விசுவாசம் அக்கா அந்த நாய்க்கு. உசுரு போற வரைக்கும் காட்டிக் குடுக்கலை பாரு.

ஊரு பேரைச் சொன்னது யாருன்னு இங்க போலீஸ் கேட்டு அடிக்கறாங்க. என் வாயில இருந்து உன் பேரு வராது. நீ நிம்மதியா இரு. தனசேகர் அங்க இருந்து வேற எங்கயோ போயிட்டான். நீ மறுபடியும் தேடு.

யாழினியை நீ பாத்துக்க.

மயில்சாமி

•

மல்லசமுத்திரம்
9.11.2025

சாமிக்கு அக்கா எழுதறது. ஒடஞ்ச வெரலுக்குக் கட்டுப் போட்டாங்களா? அங்க சோறு குடுக்கறாங்களா, சப்பாத்தியா? உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. பதில் எழுத உக்காருவேன், பேரை எழுதுவேன், எந்திரிச்சுருவேன். சென்னம்மாள் என் ஊட்டுக்கு வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போயிட்டா. யாழினி ஸ்கூலுக்குப் போறதில்லை.

தனசேகரைப் புடிச்சுட்டாங்க. நீ அங்க பண்ணினது பேப்பர்ல வந்த பொறகுதான் ஸ்டேசன்ல என் மனுவை எடுத்துப் படிச்சிருக்காங்க. உடனே மத்தியப் பிரதேசம் போயி, ரிக் மேல நின்னுக்கிட்டிருந்தவனைக் கையோட கொண்டாந்தாங்க. கோர்ட்டு வாசல்ல வேன்ல இருந்து எறங்கினான். சதை போட்டிருக்கான். செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டுத்தான் நின்னேன். என்னையப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சான். என்னால வீச முடியலை. என் கண்ணுக்கு அவன் தெரியலை, கும்பிட்ட கையோட வேற ஒருத்தன் தெரிஞ்சான். செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

கம்ப்யூட்டர்ல கொலைகாரனைப் புடிச்ச பொம்பளைன்னு எனக்கு ஊருக்குள்ள பேராயிருச்சு.

இப்ப நீ கேப்பே. ஒடிசான்னியே அக்கா, அவன் மத்தியப் பிரதேசத்துல எப்படி இருந்தான்னு. அதை எழுதத்தான்

—

மேல இருக்கறது காலையில எழுதினது சாமி. இது லைப்ரரியில உக்காந்து எழுதறேன். நடுவுல ஊட்டுக்கு ஒருத்தங்க வந்துட்டாங்க, அவங்களையும் இங்க கூட்டிக்கிட்டு வந்தேன்.

ஏனுங்க, பழனியம்மாங்கறது நீங்கதானுங்களான்னாங்க. ஆமாங்கன்னேன். ஒல்லியா, என் வயசுதான் இருக்கும். நான் தமிழரசு அம்மாங்கன்னாங்க. கால்ல உழப் போனேன். தூக்கி விட்டுட்டாங்க. பையனை ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தப்ப மொகத்தைத் தொறந்து காட்டலையாம். காதுல சின்னதுல குத்தின தொளையைப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டாங்களாம். எங்கிட்டயே சொல்றாங்க.

அப்பறம் சொன்னாங்க. "நீங்களும் புள்ளையைப் பறிகுடுத்தவங்க. உங்க தம்பி கோவத்துல பண்ணிட்டார், அது அவருக்கும் சாமிக்கும். எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. ஆனா எம்பையன் நின்ன ஊரை எவனோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கான். உங்க தம்பி அடி வாங்கிக்கிட்டு அவன் பேரை மட்டும் சொல்ல மாட்டேங்கறாராம். நீங்கதான் மிசின்ல எல்லாத்தையும் கண்டுபுடிக்கறீங்களே. அவனைக் கண்டுபுடிச்சுக் குடுங்க."

கூடையில துண்டு சுத்தி ஒரு அருவா வெச்சிருக்காங்க. மறைக்கலை. எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க.

சாமி, தமிழரசு யாரையும் காப்பாத்தலை. அவனுக்குத் தெரியாது. தனசேகர் அந்த ஊரு மண்ணை மெதிச்சதே இல்லை. நீ கொலைகாரனாகக் கூடாதுன்னு நான் உனக்குப் பொய்யான ஊரைச் சொன்னேன். மனுவுலயும் அதை எழுதியிருந்தேன், மனுவைப் படிக்காமப் போட்டு வெச்சது வெளிய தெரிஞ்சுரும்னு ஸ்டேசன்ல அமுக்கிட்டாங்க. ஆளில்லாத ஊராப் பாத்து, தண்ணி இல்லாத ஊராப் பாத்துச் சொன்னேன். தண்ணி இல்லாத ஊருக்குத்தானே சாமி நம்ம ரிக் போகும். நாடு பூரா ரிக்கு அனுப்பற இந்த மண்ணுலயே பொறந்து, ரிக்குக்காரனுக்குப் பொண்ணையும் குடுத்தவளுக்கு அது தோணலை. எந்தக் காட்டுல தேடினாலும் நம்ம பையன் ஒருத்தன் ரேஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிப்பான்னு எனக்குத் தோணலை.

அவங்களைக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சுட்டு, சித்த இருங்க, ஒரு கடுதாசியை முடிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டு அடுத்த மேசையில உக்காந்திருக்கேன். மிசின்ல ஒண்ணும் அடிக்கலை. தேடற பொட்டி காலியாத்தான் இருக்கு. அதையே கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டிருக்காங்க. இதை ஒட்டி தேவிப்ரியா கையில குடுத்து, தபாலாபீசு வரைக்கும் போயிட்டு வா கண்ணுன்னு அதை வெளிய அனுப்பிடுவேன். அப்பறம் போயி அவங்க பக்கத்துல உக்காந்து சொல்லிடுவேன்.

போலீஸ் கேட்டா நீயும் என் பேரைச் சொல்லிடு. எனக்காக இனி ஒரு அடியும் வாங்காதே. சப்பாத்தின்னாலும் தின்னு. யாழினிக்கு நீயே ஒரு கடுதாசி போடு, உன் கையால போடு.

வந்துச்சுங்களான்னு கேக்கறாங்க. வாரேன்னு சொல்லியிருக்கேன்.

உன் அக்கா
பழனியம்மாள்